பாதுகாப்புப் பகுதியில் தன்னார்வலர்கள் ஏன் செடிகளை வெட்டுகிறார்கள்?

பொதுப் பூங்கா ஒன்றின் காட்டுப் பகுதிக்குள் தன்னார்வலர்கள் அரிவாளோடு இறங்கி, பூத்துக் குலுங்கும் புதர்களை வேரோடு எடுத்துப் போடும் படம் வெளியானால் உடனே கண்டனம் எழுகிறது. 'பாதுகாப்புப் பகுதி என்று பலகை வைத்துவிட்டு உள்ளே வெட்டலாமா?' என்ற கேள்வியும் நியாயமாகவே படுகிறது. அதே பூங்காவில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டன என்று செய்தி வந்தால் பாராட்டு குவிகிறது.

சூழல் மீட்புப் பணியை நெருங்கிப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் வேறு விதமாகப் படிப்பார்கள். முதல் செய்தி அவர்களுக்கு நம்பிக்கை தரும். இரண்டாவது கவலை தரும். காரணம், மீட்புப் பணியில் நடவு ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி, இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதை நீக்குவதும், நீக்கிய இடத்துக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போவதும். இது ஏன் இப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## பூங்காவுக்குள் மிஞ்சிய காடு

பொதுப் பூங்கா என்றதும் புல்தரை, பூப்பாத்தி, நடைபாதை என்றுதான் நினைவுக்கு வரும். சில பூங்காக்களில் இவற்றோடு, பூங்கா உருவாவதற்கு முன்பே அந்த நிலத்தில் இருந்த காடோ, புதர்க்காடோ, சதுப்போ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதைத் தனியே பாதுகாப்புப் பகுதி என்று ஒதுக்குகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள கிங்ஸ் பார்க் சுமார் 400 ஹெக்டேர் பரப்புடையது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இயற்கையான புதர்க்காடு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கப்பட்டது. அதற்குள் இருக்கும் சுமார் 6 ஹெக்டேர் மழைக்காடு பூங்காவைவிடப் பழையது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், டேபிள் மலையின் கிழக்குச் சரிவில் 1913இல் உருவான கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தின் மொத்தப் பரப்பு 528 ஹெக்டேர். அதில் செடி வைத்துப் பராமரிக்கும் தோட்டம் சிறு பங்குதான். மற்றதெல்லாம் மலைச்சரிவின் இயற்கைத் தாவரங்கள்.

பூப்பாத்திக்கும் பாதுகாப்புப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. பாத்தியில் எது இருக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்பதைத் தோட்டக்காரர் முடிவு செய்கிறார். பாதுகாப்புப் பகுதியில் செடிகள் தாமாகவே பூத்துக் காய்த்து, விதை உதிர்த்து, அடுத்த தலைமுறையை எழுப்ப வேண்டும். அந்தச் சுழற்சி ஓடுகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். உயர்ந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன, அடியில் அவற்றின் நாற்று ஒன்றுகூட இல்லை என்றால், வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை. இருக்கும் மரங்கள் சாகும்வரைதான் அது காடு.

## வேலி போட்டு விட்டுவிட்டால் போதாதா?

'மனிதன் தலையிடாமல் விட்டால் இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்' என்பது பரவலான நம்பிக்கை. பெரிய, தொடர்ச்சியான காடுகளில் இதில் உண்மை உண்டு. நகரத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிறு துண்டுக் காட்டுக்கு இது பொருந்துவதில்லை. விளிம்பு விளைவு என்று சூழலியலாளர்கள் சொல்வதைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

காட்டின் ஓரத்தில் வெயில் அதிகம், காற்று அதிகம், ஈரம் குறைவு. களை விதைகளும் குப்பையும் மிதிபடுதலும் ஓரத்திலிருந்தே உள்ளே நுழைகின்றன. இந்தப் பாதிப்பு ஓரத்திலிருந்து 20 மீட்டர் தூரம் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று சதுரமாக இருக்கும் ஒரு ஹெக்டேர் காட்டில் பாதிப்பு எட்டாத நடுப்பகுதி 60க்கு 60 மீட்டர். அதாவது மொத்தப் பரப்பில் 36 சதவீதம். அதே ஒரு ஹெக்டேர் 400 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமாக ஓடைக்கரையில் நீண்டு கிடந்தால், பாதிப்பு எட்டாத இடமே கிடையாது. முழுவதும் ஓரம்தான். பூங்காக்களில் மிஞ்சும் காடுகள் பெரும்பாலும் இப்படிச் சிறியதாகவும் நீண்டதாகவும்தான் இருக்கின்றன.

ஓரத்தின் வழியாக உள்ளே வருபவை:

1. அயல் ஊடுருவித் தாவரங்கள். வேறு நிலப்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டு, தம்மைத் தின்னும் பூச்சியும் நோயும் இல்லாத இடத்தில் கட்டுக்கடங்காமல் பரவுபவை. அயல்நாட்டுச் செடிகள் எல்லாமே தீங்கு செய்பவை அல்ல. பல்லுயிர் குறித்த ஐ.நா. சார்ந்த அறிவியல் குழுவான ஐபிபிஇஎஸ் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க மனிதரால் இடம் மாறி நிலைபெற்ற உயிரினங்கள் 37,000க்கும் மேல். அவற்றில் தீங்கு செய்பவை என்று உறுதியானவை 3,500க்குச் சற்று அதிகம். பதிவான உயிரின அழிவுகளில் 60 சதவீதத்தில் இந்தச் சிறு கூட்டத்துக்குப் பங்கு இருக்கிறது.

2. மழைநீரோடு வரும் சத்து. தார்ச்சாலை, கூரை, உரம் போட்ட புல்தரை ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு வரும் நீரில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கரைந்திருக்கும். சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகிய செடிகளுக்கு இது நஞ்சாகக்கூட அமையும். ஆஸ்திரேலியாவின் பாங்ஸியா, தென்னாப்பிரிக்காவின் புரோட்டியா ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தின் பல செடிகள் மணிச்சத்து கூடினால் வாடிவிடும். அதே சத்தை உண்டு களைகள் கொழுக்கும்.

3. மிதிபட்டு இறுகிய மண். குறுக்குவழியாக நடந்து நடந்து உருவாகும் ஒற்றையடிப் பாதைகளில் மண்ணின் இடைவெளிகள் அடைபடுகின்றன. நீர் இறங்காமல் மேலே ஓடுகிறது. விதை விழுந்தாலும் வேர் இறங்க வழியில்லை.

4. நின்றுபோன இயற்கைச் சுழற்சிகள். பருவத்தில் வரும் தீ, ஆற்று வெள்ளம், விதை சுமக்கும் பறவைகளும் விலங்குகளும். இவற்றில் ஒன்று நின்றாலும் அதை நம்பியிருந்த செடிகள் புதிதாக முளைப்பது நின்றுவிடுகிறது.

வேலி போட்டால் மூன்றாவது மட்டும் குறையும். மற்றவை வேலியைப் பொருட்படுத்துவதில்லை.

## 'மீட்பு' என்று எதைச் சொல்கிறோம்

சூழல் மீட்புக்கான சர்வதேசச் சங்கம் தரும் வரையறை எளிமையானது: சீர்கெட்டோ, சேதமடைந்தோ, அழிந்தோ போன ஒரு சூழல் அமைப்பு மீண்டு வருவதற்கு உதவும் செயல். இதில் 'உதவும்' என்பதே மையம். மீண்டு வரும் வேலையை நிலம் செய்கிறது. மனிதர்கள் தடையை நீக்குகிறார்கள்.

நிலத்தின் நிலைமையைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு.

1. இயற்கை மீள்முளைப்பு. மண்ணில் விதையும் வேரும் உயிரோடு இருந்தால் கெடுக்கும் காரணத்தை நிறுத்தினாலே போதும்.
2. துணை செய்யும் மீள்முளைப்பு. களையை நீக்குவது, இறுகிய மண்ணைத் தளர்த்துவது, நீரோட்டத்தைத் திருப்புவது என்று கைகொடுக்க வேண்டியிருக்கும்.
3. மறுஉருவாக்கம். எதுவுமே மிஞ்சாத இடத்தில் விதைத்தும் நட்டும் புதிதாகத் தொடங்குவது. செலவும் உழைப்பும் அதிகம். வெற்றிக்கான உறுதி குறைவு.

மரக்கன்று நடும் விழாக்களின் சிக்கல் இங்கேதான் தெரிகிறது. முதல் வழியோ இரண்டாவது வழியோ போதுமான இடத்தில்கூட நேரே மூன்றாவதில் இறங்கிவிடுகிறார்கள். குழி தோண்டும்போது மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த, அந்த நிலத்துக்கே உரிய அசல் நாற்றுகளும் கிழங்குகளும் வெட்டுப்படுகின்றன. காடே இல்லாத, புல்லும் சிறுசெடியுமாக இருக்க வேண்டிய நிலத்தில் மரம் நட்டால் கெடுதல் இன்னும் பெரிது: வெயிலை நம்பி வாழும் செடிகள் நிழலில் அழிந்துபோகும்.

## பிராட்லி சகோதரிகள் கண்ட வழி

தன்னார்வலர்களால் செய்யக்கூடிய மீட்பு முறைக்கு வடிவம் கொடுத்தவர்கள் என்று ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகளைச் சொல்ல வேண்டும். சிட்னி துறைமுகத்தை ஒட்டிய மோஸ்மன் பகுதியில் வாழ்ந்த இவர்கள் 1960களில் அருகிலிருந்த ஆஷ்டன் பார்க் காட்டில் தினசரி நடப்பவர்கள். களை மண்டிய இடங்களைக் கூலியாட்கள் வந்து மொத்தமாக வெட்டித் தள்ளுவதும், சில மாதங்களில் அதே இடத்தில் களை முன்னைவிட அடர்த்தியாக எழுவதும் அவர்கள் கண்ணில் பட்டது. பெரிய பரப்பில் வெட்டியதால் வெறும் மண் திறந்துகிடந்தது. திறந்த மண்ணை முதலில் பிடிப்பது களைதான்.

அவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். நடக்கும்போதே, நல்ல நிலையில் இருந்த காட்டுக்குள் தென்பட்ட ஒன்றிரண்டு களைகளை மட்டும் கையால் எடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நல்ல பகுதி தானாக விரிந்தது. அந்த அனுபவத்திலிருந்து மூன்று விதிகளை வகுத்தார்கள்.

1. நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கி நகர வேண்டும். மோசமாகக் களை மண்டிய இடத்தில் தொடங்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அங்கே மண்ணில் நல்ல விதை மிச்சமிருக்காது. நல்ல காட்டின் ஓரத்தில் களையை எடுத்தால், பக்கத்திலேயே விதை தரும் தாய்ச்செடிகள் இருப்பதால் வெற்றிடம் விரைவில் நிரம்பும்.

2. மண்ணை முடிந்தவரை கலைக்கக் கூடாது. பிடுங்கிய குழியை மூடி, விலக்கிய இலைச்சருகை மறுபடி பரப்பிவிட வேண்டும். சருகு மூடாக்காக இருந்து ஈரத்தைக் காக்கும். களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காமல் தடுக்கும்.

3. எவ்வளவு வேகமாக எடுப்பது என்பதை மீண்டு வரும் செடிகளே தீர்மானிக்க வேண்டும். போன முறை எடுத்த இடத்தில் அசல் செடிகள் தலையெடுத்த பிறகே அடுத்த கட்டத்துக்கு நகரலாம். ஆள் அதிகம் கிடைத்தார்கள் என்பதற்காகப் பரப்பைக் கூட்டக் கூடாது.

1970களில் நியூ சவுத் வேல்ஸ் தேசிய அறக்கட்டளை இந்த முறையை எடுத்துக்கொண்டு ஆட்களுக்குப் பயிற்சி அளித்தது. அங்கிருந்து ஆஸ்திரேலியா முழுவதும் பரவியது. பின்னர் வந்தவர்கள் சில மாற்றங்கள் செய்தார்கள். கையால் மட்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தது, களைக்கொல்லியை அளவோடு சேர்த்துக்கொண்டார்கள். மூன்று விதிகளின் தர்க்கம் மட்டும் மாறவில்லை.

மூன்றாவது விதிதான் கடைப்பிடிக்கக் கடினமானது. நூறு பேர் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வந்து நிற்கும்போது, 'இன்று இந்த மூலையில் இவ்வளவுதான்' என்று நிறுத்துவதற்கு ஒருங்கிணைப்பாளருக்கு மனத்திண்மை வேண்டும். நிறுத்தாமல் விட்டதால் வீணான இடங்கள் ஏராளம்.

## ஒரு உண்ணிச்செடியை எடுப்பது

லன்டானா என்றும் அழைக்கப்படும் உண்ணிச்செடி மீட்புப் பணியில் அடிக்கடி எதிர்ப்படுவது. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி அழகுக்காகத் தோட்டங்களில் வைக்கப்பட்டு, பறவைகள் வழியாக வேலி தாண்டியது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்கள் என்று, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமான ஐயுசிஎன் சார்பில் தொகுக்கப்பட்ட பட்டியலில் இதற்கும் இடமுண்டு. இதன் இலைகளும் வேர்களும் வெளிவிடும் வேதிப்பொருள்கள் மற்றச் செடிகள் முளைப்பதை மட்டுப்படுத்துகின்றன. ஆடுமாடுகளுக்கு இலை நஞ்சு.

அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்து வரும். தீ வைத்தாலும் அப்படியே. துளிர்க்கும் பகுதி வேரும் தண்டும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருப்பதுதான் இதற்குக் காரணம். இதை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் கார்பெட் புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் ஒரு முறை உருவாக்கப்பட்டது. ஒருவர் புதரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிறார். மற்றவர் நீண்ட பிடியுள்ள மண்வெட்டியால் தரைக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை வெட்டுகிறார். பிறகு புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்க விட்டுவிடுகிறார்கள். தண்டு மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் பிடிக்கும் என்பதால்தான் இந்தக் கவிழ்ப்பு. மண் ஏறக்குறைய கலைவதே இல்லை. புதர் நின்ற இடத்தில் ஒரு சிறு பள்ளம்தான்.

அடுத்த மழைக்குப் பிறகு வேலையின் இரண்டாம் பாகம். அந்த இடத்தைச் சுற்றியும், பறவைகள் வந்தமரும் மரங்களின் அடியிலும் புதிய நாற்றுகள் முளைத்திருக்கும். விரலளவு இருக்கும்போது இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடும். அதை விட்டுவிட்டால் மறுபடி மண்வெட்டிதான்.

எல்லாக் களைக்கும் இதே முறை சரிப்படாது. பார்த்தீனியம் ஓராண்டுச் செடி. ஒரே செடி பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். ஆகவே பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். தோல் ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் வரும் என்பதால் கையுறை கட்டாயம். கட்டை கனத்த மரங்களுக்கு, வெட்டியவுடன் வெட்டுவாய் காய்வதற்குள் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவும் முறை உண்டு. தெளிப்பதைவிட இது பாதுகாப்பானது என்றாலும், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டியது.

எதை எடுத்தாலும் ஒரே மூச்சில் எடுத்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேறு புதர் இல்லாத இடத்தில் சிறு பறவைகள் இந்த ஊடுருவிப் புதர்களில்தான் கூடு கட்டுகின்றன, பூனையிடமிருந்தும் காகத்திடமிருந்தும் ஒளிகின்றன. எனவே திட்டுத் திட்டாக எடுத்து, அசல் புதர் வளர்ந்த பிறகு மிச்சத்தை எடுப்பதே முறை. கூடு கட்டும் பருவத்தில் கைவைப்பதில்லை.

## மண்ணுக்குள் காத்திருக்கும் விதைகள்

களையை ஒருமுறை எடுத்த பிறகு ஏன் ஆண்டுக்கணக்கில் போக வேண்டும் என்பதற்கு மிகப் பழைய சோதனை ஒன்று விடை தருகிறது. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 20 கண்ணாடிக் குப்பிகளில் ஈர மணலோடு 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம் போட்டுப் புதைத்தார். களை விதைகள் மண்ணுக்குள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று தெரிந்துகொள்வதே நோக்கம். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு குப்பியாக இன்றும் எடுத்துவருகிறார்கள். கடைசியாக 2021இல் எடுத்த குப்பியிலிருந்து, 142 ஆண்டுகளுக்குப் பிறகு, வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் முளைத்தன.

பெரும்பாலான விதைகள் இவ்வளவு காலம் தாங்குவதில்லை. ஆனாலும் சில ஆண்டுகள் முதல் பல பத்தாண்டுகள் வரை உறங்கிக்கிடப்பவை நிறைய. இப்படி மண்ணுக்குள் சேர்ந்துகிடக்கும் விதைகளின் மொத்தத்தைத்தான் மண் விதை வங்கி என்கிறார்கள். மேலே நிழலாக நின்ற புதரை எடுத்ததும் வெளிச்சமும் வெப்பமும் மண்ணைத் தொடுகின்றன. உறங்கிய விதைகள் மொத்தமாக விழிக்கின்றன. ஆகவே முதல் களையெடுப்புக்குப் பின் அந்த இடம் முன்பைவிட மோசமாகத் தெரிவது வழக்கம். அது தோல்வியின் அறிகுறி அல்ல. அந்த எழுச்சியில் வந்தவை பூப்பதற்குள் எடுத்துவிட்டால் வங்கியின் கையிருப்பு குறைகிறது. பூக்க விட்டுவிட்டால் மறுபடி நிரம்பிவிடுகிறது. முதல் நாள் உழைப்பு முழுவதும் வீண்.

இதே வங்கியில் அசல் செடிகளின் விதைகளும் இருக்கின்றன என்பதுதான் நல்ல செய்தி. தென்னாப்பிரிக்காவின் ஃபைன்போஸ் என்ற புதர்நிலம், மேற்கு ஆஸ்திரேலியாவின் புதர்க்காடு ஆகியவற்றின் பல விதைகள் தீக்குப் பின்தான் முளைக்கும். விதையை எழுப்புவது சூடு மட்டுமல்ல, புகையும்தான் என்று 1990இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். புகையில் இருக்கும் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பதை 2004இல் கிங்ஸ் பார்க் அறிவியலாளர்கள் இடம்பெற்ற குழு கண்டுபிடித்தது. இன்று புகையை நீரில் கரைத்து, அந்த நீரில் விதையை ஊறவைத்து நாற்று எழுப்புகிறார்கள். தீயிட முடியாத நகரப் பூங்காவில் இது பெரிய உதவி.

## நடவு தேவைப்படும்போது

நல்ல விதை எதுவுமே மண்ணில் மிஞ்சவில்லை என்று சில ஆண்டுகள் பார்த்து உறுதியான பிறகே நடவு. அப்போதும் எங்கிருந்தோ வாங்கிய கன்று உதவாது. ஒரே இனமானாலும், வறண்ட இடத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த செடியும் ஈரமான இடத்துச் செடியும் மரபணுவில் வேறுபட்டிருக்கும். பூக்கும் காலம்கூட மாறும். ஆகவே அந்தக் காட்டிலோ அதை ஒத்த அக்கம்பக்கத்து நிலத்திலோ விதை திரட்டுகிறார்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுக்காமல் பல செடிகளிலிருந்து கலந்து எடுப்பார்கள். அன்றைக்குப் பழுத்திருப்பதில் 20 சதவீதத்துக்கு மேல் தொடுவதில்லை என்பது விதை சேகரிப்பில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. மிச்சம் அந்தக் காட்டுக்கும் பறவைக்கும்.

மறுஉருவாக்கத்தின் மூத்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மேடிசனில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாவரக் காப்பகத்தில் உள்ள கர்ட்டிஸ் புல்வெளி. உழுது கைவிடப்பட்ட நிலத்தில் 1930களின் நடுவில் இளைஞர் பணிப்படையினர் புல்வெளிச் செடிகளைக் கொண்டுவந்து நடத் தொடங்கினார்கள். தீ இல்லாமல் அந்தப் புல்வெளி நிலைக்காது, மரங்களும் அயல் புற்களும் ஏறிவிடும் என்பதும் அங்கே நடந்த சோதனைகளில்தான் தெளிவானது. இன்றும் அங்கே முறையாகத் தீயிடுகிறார்கள். இன்றும் பக்கத்துச் சாலைகளின் மழைநீர் ஓடிவரும் பகுதியில் அயல் புல் மண்டுகிறது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் கவனிப்பை நிறுத்த முடியவில்லை என்பதை மீட்புத் திட்டம் தீட்டும் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

## இதைத் தன்னார்வலர்கள் ஏன் செய்ய வேண்டும்?

செலவு மிச்சம் என்பது பலர் சொல்லும் பதில். அது பாதி உண்மைதான். ஒருங்கிணைப்பாளர், பயிற்சி, கருவிகள், முதலுதவி, காப்பீடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். தன்னார்வலர்களை இலவசக் கூலியாட்களாக நினைக்கும் நிர்வாகம் இரண்டு ஆண்டுக்குள் அவர்களை இழந்துவிடும்.

உண்மையான காரணம் வேலையின் தன்மையில் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குப் பரப்பளவுக்குப் பணம். அவர் வேகமாகப் பெரிய பரப்பை வெட்டியாக வேண்டும். பிராட்லி சகோதரிகள் தவறு என்று கண்டது இதைத்தான். மாதம் ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், அதே ஐம்பது சதுர மீட்டருக்குத் திரும்பி வருவதற்கு ஒப்பந்தம் எழுதுவது கடினம். அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள் அதை இயல்பாகச் செய்வார்கள். மூன்று மழைக்காலம் பார்த்த தன்னார்வலர் இரண்டு இலை விட்ட நிலையிலேயே களை நாற்றையும் அசல் நாற்றையும் பிரித்தறிவார். அந்தக் கண் இல்லாதவர் கையில் களைக்கொத்தைக் கொடுத்தால் இரண்டையும் சேர்த்தே பிடுங்கிவிடுவார்.

ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கு நோய்க்கிருமிகள் சான்று. ஃபைட்டோப்தோரா என்ற, மண்ணில் வாழும் பூஞ்சை போன்ற உயிரி வேரை அழுகச் செய்யும். மேற்கு ஆஸ்திரேலியாவில் காடுகளைப் பட்டுப்போகச் செய்வது இதன் ஓர் இனம். நியூசிலாந்தின் கௌரி மரங்களைக் கொல்வது இன்னொன்று. செருப்பிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடு இது பயணம் செய்யும். அதனால்தான் கௌரிக் காடுகளின் நுழைவாயில்களில் காலணியைத் தேய்த்துக் கழுவி மருந்து தெளிக்கும் இடங்கள் வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு வந்தவர்களே காட்டைக் கொல்லும் நோயை உள்ளே கொண்டுவந்துவிட முடியும். ஆகவே எந்தக் குழுவானாலும், நிலத்துக்குப் பொறுப்பான நிர்வாகத்தின் அனுமதி, எழுத்தில் உள்ள திட்டம், செடிகளை அறிந்த ஒருவரின் மேற்பார்வை ஆகிய மூன்றும் இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது.

## எதிர்ப்பு எழும்போது

முதலில் பார்த்த கண்டனத்துக்கு வருவோம். அமெரிக்காவின் சிகாகோவில் 1977 முதல் தன்னார்வலர்கள், சிகாகோ ஆற்றின் வடகிளையை ஒட்டிய பொதுக் காப்புக்காடுகளில் பழைய புல்வெளியையும், ஓக் மரங்கள் பரவலாக நிற்கும் திறந்தவெளிக் காட்டையும் மீட்டுவந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தார்ன் புதர்கள் அங்கே நிழல் கட்டி ஓக் நாற்றுகளை எழவிடாமல் செய்தன. அவற்றை வெட்டினார்கள், களைக்கொல்லி தடவினார்கள், புல்வெளிக்குத் தீயிட்டார்கள். சூழலியல் நோக்கில் பணி சிறப்பாகவே நடந்தது. அக்கம்பக்கத்தவர்களுக்கோ, தங்கள் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே பசுந்திரையாக இருந்தது திடீரென்று காணாமல்போனது. ஏன் என்று போதிய அளவு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1996இல் எதிர்ப்பு வலுத்து, சிகாகோவை உள்ளடக்கிய மாவட்டமான குக் கவுன்டியின் நிர்வாகம் பணிகளை நிறுத்திவைத்தது. தடை பிறகு படிப்படியாகத்தான் தளர்ந்தது.

அந்த எதிர்ப்பாளர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. பொது நிலத்தில் எது வளர வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பது அவர்கள் கேட்ட கேள்வி. தாவரவியல் அறிவு மட்டும் அந்த உரிமையைத் தந்துவிடாது. பின்வந்த திட்டங்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டன: வெட்டுவதற்கு மாதங்களுக்கு முன்பே வரைபடத்தோடு அறிவிப்பு வைப்பது, சிறு திட்டில் செய்துகாட்டி அதன் பலன் தெரிந்த பிறகு விரிப்பது, எந்த மரத்தைத் தொடமாட்டோம் என்பதையும் எழுதிவைப்பது.

## வெற்றியை எப்படி அளப்பது

2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்-மான்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டின் இரண்டாவது இலக்கு, சீர்கெட்ட சூழல் பகுதிகளில் குறைந்தது 30 சதவீதம் 2030க்குள் பயன்தரும் மீட்புப் பணியின் கீழ் வந்திருக்க வேண்டும் என்கிறது. இப்படிப்பட்ட இலக்குகள் வரும்போது ஒரு ஆபத்தும் வருகிறது. 'இத்தனை கன்று நட்டோம்' என்ற எண்ணிக்கை எளிது. அதையே கணக்காகக் காட்டத் தோன்றும்.

சூழல் மீட்புக்கான சர்வதேசச் சங்கத்தின் தர அளவுகோல் வேறு விதமானது. ஆறு அம்சங்களைத் தனித்தனியே பார்க்கிறது: கெடுக்கும் காரணங்கள் நீங்கினவா, மண்ணும் நீரும் சரியாக இருக்கின்றனவா, இருக்க வேண்டிய இனங்கள் இருக்கின்றனவா, மேல் அடுக்கு முதல் தரைச்செடி வரை அடுக்குகள் உண்டா, மகரந்தச் சேர்க்கையும் விதை பரவலும் மட்குதலும் நடக்கின்றனவா, சுற்றியுள்ள இயற்கை நிலங்களோடு போக்குவரத்து இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். நகரப் பூங்காவின் துண்டுக் காடு எல்லாவற்றிலும் ஐந்தை எட்டுவது அரிது. சாலைகளுக்கு நடுவே இருப்பதால் கடைசி அம்சம் எப்போதும் பின்தங்கும். இரண்டிலிருந்த இடம் மூன்றுக்கு வந்து அங்கேயே நிலைத்தால் அது கொண்டாட வேண்டிய முன்னேற்றம்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கம்பை நட்டு, அதன் மேலிருந்து ஒரே திசையில், ஆண்டின் ஒரே பருவத்தில் எடுக்கும் படம். அளந்து கயிறு கட்டிய சில சதுரங்களுக்குள் எந்தச் செடி எத்தனை என்ற எண்ணிக்கை. எந்தத் தேதியில், எந்த மூலையில், எதை எடுத்தோம், எத்தனை பேர் வந்தோம் என்று எழுதும் பதிவேடு. மூன்றாவதைத்தான் குழுக்கள் அதிகம் விட்டுவிடுகின்றன. ஒருங்கிணைப்பாளர் ஊர் மாறிப்போனாலோ உடல்நலம் குன்றினாலோ, பிராட்லி முறையில் எல்லை எதுவரை நகர்ந்திருக்கிறது, எந்தத் திட்டில் இரண்டாம் சுற்றுக் களையெடுப்பு பாக்கி என்பது அவரோடு போய்விடும். புதிதாக வருபவர்கள் மோசமான இடத்தைப் பார்த்து அங்கிருந்தே தொடங்குவார்கள். கவனிப்பு நின்றுபோன நல்ல ஓரத்தில், அடுத்த மழையில் முளைக்கும் களைகள் யார் கண்ணிலும் படாமல் பூத்து முடிந்துவிடும்.